பின்னால் வரும் பெயர்

1

நான் வேலை செய்யும், கோதுமை மாவில் பாண் சுடும் தொழிற்சாலையில் என்னைக் கந்தையா என்று கூப்பிடுகிறார்கள். கந்தையா என் தகப்பனாரின் பெயர். ஐயா என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட ஊரில் நாலைந்து பெரியவர்களுக்குத்தான் உரிமை இருந்தது. இங்கே ஒஸ்லோவில் என்னுடைய பகுதிப் பொறுப்பாளன் ரூனார், என்னைவிடப் பத்து வயது இளையவன், இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்துகிறான். "கன்டியா! வெட்டும் மெசினில் பாண் சிக்கிவிட்டது!" நான் ஓடுகிறேன். ஐயாவை யாரோ ஏவுவதைப்போல ஒவ்வொரு முறையும் மனம் ஒருதரம் சுருங்கும். பிறகு வேலையில் மறந்துபோகும்.

இந்தக் கார்த்திகையுடன் நான் நோர்வேக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

பிழை என்னுடையது. வந்திறங்கிய கிழமை பொலிஸ் கந்தோரில் ஒரு படிவம் தந்தார்கள். மேசையைச் சுற்றி எங்களுடைய ஆட்கள் ஆறு பேர். ஒருவருக்கும் இந்த மொழி தெரியாது. எங்களில் ஒருவன் மட்டும் மூன்று கிழமை முன்னதாக வந்தவன். ஆகவே அவன்தான் எங்கள் எல்லோருக்கும் வாத்தியார்.

"இஞ்சை பார், எத்தர்னாவ்ன் எண்டு கிடக்கு. எத்தர் எண்டால் பிறகு. நாவ்ன் எண்டால் பேர். பிறகு வாற பேர். உன்ரை பேரிலை பிறகு வாறது எது?"

"சிவஞானசுந்தரம்."

"பிறகென்ன, எழுது."

எழுதினேன். எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். கந்தையா சிவஞானசுந்தரம். அவன் சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் இவர்களுக்கு முன்னால் வருவது சொந்தப் பெயர், பின்னால் வருவது குடும்பப் பெயர் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆங்கில எழுத்தில் பதினேழு வரும் என் பெயருக்கு அந்தப் படிவத்தில் பெட்டி போதவில்லை. கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே நின்றது. அன்றிலிருந்து நான் கந்தையா. என்னுடைய சொந்தப் பெயர் என் குடும்பத்துக்கே பெயராகிவிட்டது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவுமில்லை. நாலுபேர் கூடும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். ஆனால் இந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு பெயர் விசயத்தை ஊரிலுள்ளவர்களுக்குச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. சொல்ல இங்கே ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

2

என் மனைவி தவமணி என் பெயரைச் சொல்வதில்லை. "இஞ்சேருங்கோ" தான். வேறு யாரிடமாவது என்னைப்பற்றிக் கதைப்பதென்றால் "இவர்", "மயூரியின்ரை அப்பா". கலியாணம் முடித்து வந்த நாள்முதல் அப்படி. நான் கட்டாயப்படுத்தியதல்ல. அவவுக்கு வராது.

அப்படிப்பட்டவவுக்கு இந்த நாடு என்னுடைய பெயரையே குடும்பப் பெயராகக் கொடுத்துவிட்டது. டொக்டரிடம், வங்கியில், தபால் கந்தோரில், எங்கே போனாலும் முதல் கேள்வி அதுதான்.

மயூரி பிறந்த அன்று நடந்ததை நாங்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். தவமணி பேற்று நோ எடுத்துக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறா. மருத்துவிச்சி காகிதத்தை வைத்துக்கொண்டு "எத்தர்னாவ்ன்?" என்று கேட்டிருக்கிறா. தவமணிக்கு வாய் வரவில்லை. இரண்டாம் முறை கேட்க, தன்னுடைய தகப்பன் பெயரைச் சொல்லிவிட்டா. நாகலிங்கம். பிள்ளையின் கையில் கட்டிய பட்டியிலும் நாகலிங்கம் என்றே எழுதிவிட்டார்கள். வேலையிலிருந்து ஓடிவந்து நான் சிவஞானசுந்தரத்தின் பிள்ளை எங்கே என்று கேட்கிறேன். அப்படி ஒரு பிள்ளை இங்கே பிறக்கவில்லை என்கிறார்கள். அரை மணித்தியாலம் எனக்குப் பிள்ளை இல்லை.

"ஏனப்பா என்ரை பேரைச் சொல்லாமல் விட்டனீர்?" என்று பிறகு கேட்டேன்.

"நல்ல கதை. அந்த நேரத்திலை உங்கடை பேரைச் சொல்லிக் கத்தச் சொல்லுறியளோ?"

இப்போது அவ பழகிவிட்டா. தொலைபேசியில் "சீவாக்னானா..." என்று தொடங்கி, நோர்வேக்காரர் இழுப்பதுபோலவே இழுத்து முடிப்பா. தமிழில் மட்டும் இன்றைக்கும் சொல்லமாட்டா. ஒருநாள் பகிடியாகக் கேட்டேன், இப்ப மட்டும் என்ரை பேர் எப்படி வாயிலை வருகுது என்று.

"அது உங்கடை பேரில்லை. அது எத்தர்னாவ்ன்" என்றா.

என்னுடைய பிழையில் ஒரேயொரு சரி விளைந்தது. நான் அந்தப் படிவத்தை ஒழுங்காக நிரப்பியிருந்தால் என் மகளுக்குக் கந்தையா என்று என் ஐயாவின் பெயர் வந்திருக்கும். நான் மாற்றி எழுதியதால் ஊரில் வருவதுபோலவே தகப்பன் பெயர் வந்தது. மயூரி சிவஞானசுந்தரம். முதல் வகுப்பில் அவள் கொண்டுவந்த கொப்பி மட்டையில் அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்கிருந்த சந்தோசத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை.

3

மயூரிக்கு இப்போது பத்தொன்பது வயது. ஒரே பிள்ளை. கல்லூரியில் சேர்ந்து முதலாம் வருடம். தமிழ் கதைப்பாள். என்னுடன் கதைக்கும்போது கவனமாகவும், தாயுடன் கதைக்கும்போது வேகமாகவும், சிநேகிதிகளுடன் கதைக்கும்போது தமிழே இல்லாமலும் கதைப்பாள். எனக்கு விளங்காத சொற்கள் வரவரக் கூடுகின்றன. நான் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன்.

சித்திரையிலிருந்து அவள் பகுதிநேர வேலை தேடினாள். ஸ்ட்ரோம்மனில் உள்ள பெரிய கடைத்தொகுதியில் எத்தனை கடை இருக்கிறதோ அத்தனைக்கும் விண்ணப்பம் போட்டிருப்பாள். அநேகமானவர்கள் பதிலே போடவில்லை. அவளுடன் ஒரே வகுப்பில் படித்த நோர்வேப் பிள்ளை ஒருத்தி, இவளைவிடப் புள்ளி குறைந்தவள், இவள் எழுதிக்கொடுத்த அதே மாதிரியைப் பார்த்து ஒரு விண்ணப்பம் போட்டாள். அடுத்த நாள் கூப்பிட்டார்கள்.

மயூரி தானாகவே தொலைபேசியில் எடுத்துக் கேட்கத் தொடங்கினாள். நான் காலை வேலை முடித்து இரண்டரைக்கு வீடு வந்து சாப்பிடும்போது, அடுத்த அறையில் அவள் எங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். எஸ். ஈ. வே. ஆ. பாதியில் மறுபக்கம் ஏதோ சொல்லும். இவள் சிரிப்பாள். அது வீட்டில் சிரிக்கும் சிரிப்பல்ல. திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். என்னுடைய பெயரை அப்படித் துண்டுதுண்டாகக் கேட்டுக்கொண்டு சோறு சாப்பிடுவது சுலபமில்லை.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, தேத்தண்ணியுடன் வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"அப்பா, உங்கடை அப்பப்பாவின்ரை பேர் பேக்கர்தானே?"

"ஆர் சொன்னது?"

"அம்மா. கனகாலத்துக்கு முந்திச் சொன்னவ. உண்மையே?"

"ஓம். சாமுவேல் பேக்கர். ஏன்?"

"சட்டத்தை மாத்தியிருக்கினம் அப்பா. எங்கடை குடும்பத்திலை மேலை மூண்டு தலைமுறைக்கு ஆருக்கு எத்தர்னாவ்னா இருந்த பேரெண்டாலும் நாங்கள் எடுக்கலாம். ஒரு கடுதாசி மட்டும் காட்டவேணும். உங்கடை ஐயாவின்ரை பிறப்புப் பத்திரத்திலை அவரின்ரை தகப்பன் பேர் போட்டிருக்கும்தானே?"

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற தவமணி எட்டிப் பார்த்தா. "பேக்கர் எண்டால் இஞ்சையும் பாண் போடுறவன்தானே பிள்ளை?"

"ஓம் அம்மா. அப்பாவும் பாண் வேலைதானே. நல்ல பொருத்தம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் பேக்கர் இல்லை. இந்த நாட்டில் அது ஒரு பட்டம் மாதிரி. அதற்குப் படித்து, பழகி, சோதனை எழுதி, அத்தாட்சிப் பத்திரம் எடுக்கவேண்டும். ரூனார் பேக்கர். நான் பதினெட்டு வருடமாக மா சுமக்கிறேன், தட்டுக் கழுவுகிறேன், பாண் வெட்டுகிறேன், பொதி செய்கிறேன். என்னுடைய அட்டையில் உதவியாளர் என்றுதான் இருக்கிறது. என் மகள் ஒரு படிவத்தை நிரப்பி பேக்கர் ஆகப்போகிறாள்.

"அந்தக் கடுதாசியெல்லாம் இப்ப இல்லைப் பிள்ளை" என்றேன். "இடம்பெயரேக்கை எல்லாம் துலைஞ்சு போச்சுது."

அது பொய். ஐயாவின் பிறப்புப் பத்திரம் எங்கள் படுக்கையறை அலுமாரியில், குளிர்காலப் போர்வைகளுக்குக் கீழே, ஒரு நீல நிறக் கோப்பில் இருந்தது.

"சரி அப்பா, பரவாயில்லை" என்று சொல்லிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். நான் நம்பும்படியாகப் பொய் சொல்லிவிட்டேன் என்பதுதான் எனக்கு அன்று முழுதும் பெரிய கரைச்சலாக இருந்தது.

4

என்னுடைய அப்பப்பாவை, ஐயாவின் தகப்பனை, நான் பார்த்ததில்லை. ஐயா துண்டுதுண்டாகச் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேலன். படிக்கவைக்க வழியில்லாத வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கவிட்டார்கள். அங்கே உள்ள பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் சீமையிலிருந்து ஆட்கள் உதவி அனுப்புவார்களாம். இன்னார் அனுப்புவது இன்ன பிள்ளைக்கு என்று மிஷன் துரை ஒரு பட்டியல் வைத்திருந்தார். வேலனுக்கு நேரே விழுந்த பெயர் பேக்கர். ஞானஸ்நானம் கொடுத்தபோது முன்னால் சாமுவேல் என்றும் பின்னால் பேக்கர் என்றும் எழுதிவிட்டார்கள். அந்தச் சீமைக்காரர் வேலனைக் கண்டதுமில்லை, வேலன் அவரைக் கண்டதுமில்லை. அவருடைய முன்னோர் எவரோ எந்தக் காலத்திலோ ஒரு ஊரில் போறணை அடுப்பு வைத்துப் பாண் சுட்டிருப்பார். அதனால் வந்த பெயர். அவர்களே பாண் சுடுவதை விட்டபிறகும் பெயர் போகவில்லை. கடல் தாண்டிவந்து, காலைச் சாப்பாட்டுக்குப் பாணைக் கண்டறியாத ஒரு பொடியனின் தலையில் ஏறியது.

படித்து முடித்து அப்பப்பா கொழும்பில் ரயில்வேக் கந்தோரில் கிளாக்கர் ஆனார். சம்பளம் அந்தப் பெயரில் வந்தது. கலியாணத்துக்குப் பிறகு திரும்பச் சைவத்துக்கு வந்துவிட்டார். நெற்றியில் திருநீறு, காகிதத்தில் சாமுவேல் பேக்கர். பெயரைப் பழையபடி மாற்றினால் வேலைக்கு ஏதும் வில்லங்கம் வரும் என்று பயந்திருக்கிறார். பிறகு பென்சனும் அந்தப் பெயரில்தான் வந்தது.

ஊர் சும்மா விடுமா? பேக்கர் வீடு என்பது நாளடைவில் பேய்க்கர் வீடு ஆகிவிட்டது. எங்கள் ஊரில் ஏமாற்றுவதற்குப் பேய்க்காட்டுவது என்று பெயர். வேதக்காரரையும் பேய்க்காட்டினார், சைவக்காரரையும் பேய்க்காட்டினார், ஆகவே பேய்க்கர். சின்னப்பிள்ளைகள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். வாசல் படலைக்கு வெளியே நின்று "ஒரு றாத்தல் பாண் தாங்கோ!" என்று கத்திவிட்டு ஓடுவார்களாம். ஐயா பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் வகுப்பு சிரித்தது. அவர் வளர்ந்தபிறகு தன்னுடைய பெயருக்கு முன்னால் ஒன்றும் எழுதவில்லை. வெறும் கந்தையா. என்னிடம் ஒருமுறை, சவரம் செய்துகொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்தப் பேர் என்னோடை முடியட்டும்."

ஆகவே நான் அந்தப் பத்திரத்தை மறைத்ததற்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று ஐயாவின் சொல். அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றது, மயூரி கழற்றிவைக்கப்போவது என்னுடைய பெயர். அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது.

அந்தக் கிழமை வேலையில், கோப்பி குடிக்கும் நேரத்தில், ரூனாரிடம் அவனுடைய குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். நானாக வாய் திறந்து கேட்டது அவனுக்கே ஆச்சரியம்.

"அது ஒரு பண்ணையின் பெயர். என் அப்பாவின் தாத்தா அங்கே குத்தகைக்கு இருந்தார். பண்ணை எங்களுடையதல்ல, மாடும் எங்களுடையதல்ல. பெயர்தான் எங்களுக்கு மிஞ்சியது" என்றான். "அதற்கு முன் இருந்த இடத்தில் அவர்களுக்கு வேறு பெயர். இடம் மாறினால் பெயரும் மாறும். உன்னுடைய குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?"

"அது என் பெயர்."

"தெரியும், உன் பெயர்தான். குடும்பப் பெயரைக் கேட்கிறேன்."

"அதுதான் என் பெயர்."

என்னுடைய நோர்வேமொழி போதாது என்று நினைத்துவிட்டான். கையை அகல விரித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக "கு-டும்-பம்" என்றான். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனேன்.

5

புரட்டாதியில் ஊரிலிருந்து வந்த செய்திகள் எல்லாம் கெட்ட செய்திகள். சண்டை திரும்பத் தொடங்கி, வெளியே போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். கடைகளில் சாமான் இல்லை. ஊரடங்கு எப்போது போடுவார்கள், எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது. என்னுடைய அக்கா அங்கேதான் இருக்கிறா. அறுபத்திமூன்று வயது, முழங்கால் வருத்தம். தொலைபேசி கிடைக்கிற நாட்களில் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவோம்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து கைகழுவிக்கொண்டு நிற்கிறேன். மயூரி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"அப்பா, மாமியோடை கதைச்சனான். ஒருமாதிரி லைன் கிடைச்சுது."

"எப்பிடியாம் அக்கா?"

"நல்லா இருக்கிறாவாம். உங்கடை ஐயாவின்ரை பத்திரம் கச்சேரியிலை, அரசாங்கப் பதிவிலை இருக்குமாம். நாளைக்குக் காலமை தானே போய்க் கிண்டி எடுக்கிறன் எண்டு சொன்னவ. நான் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லக் கேக்கேல்லை."

எனக்குக் கை ஈரம் துடைக்கவும் மறந்துபோனது. அக்கா வீட்டிலிருந்து கச்சேரிக்குப் போவதென்றால் எத்தனை காவலரண் தாண்டவேண்டும், எத்தனை இடத்தில் இறங்கி வரிசையில் நிற்கவேண்டும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் போனவர்கள் மாலையில் வராத காலம். என் அலுமாரியில் கிடக்கும் ஒரு காகிதத்துக்காக அக்கா அந்த வழியால் நடக்கப்போகிறா.

தொலைபேசி அட்டையைச் சுரண்டி இலக்கங்களை அடித்தேன். லைன் இல்லை. திரும்ப அடித்தேன். தவமணி சோற்றைப் போட்டுவைத்துவிட்டு இரண்டுதரம் கூப்பிட்டா, பிறகு மூடிவைத்தா. இருபது தரமாவது அடித்திருப்பேன். கடைசியில் அக்காவின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"அக்கா, நாளைக்கு ஒரு இடமும் போகாதேங்கோ."

"ஏன்ரா? பெட்டை வாயைத் திறந்து ஒண்டு கேட்டிருக்குது. வெள்ளெனப் போனால் மத்தியானத்துக்குள்ளை திரும்பியிடுவன்."

"வேண்டாம் அக்கா. கடுதாசி இஞ்சை கிடக்கு."

"எங்கை?"

"என்னட்டை. என்ரை அலுமாரிக்குள்ளை."

 தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்ப ஏன்ரா பிள்ளையைப் பேய்க்காட்டினனி?"

 அக்கா திடீரென்று சிரிக்கத் தொடங்கினா. நெடுநாளாக அவ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "பேய்க்கரின்ரை பேரன் எண்டு காட்டிப்போட்டாய். எங்கை போனாலும் புத்தி போகாது."

"ஐயா அந்தப் பேர் வேண்டாம் எண்டவர் அக்கா."

"ஐயா பட்டார், அவர் வேண்டாம் எண்டார். இவளை அங்கை ஆர் பேய்க்கர் எண்டு சொல்லப்போகினம்?" இருமிவிட்டுத் தொடர்ந்தா. "ஐயாவைப் பற்றி நீ கவலைப்படாதை. இஞ்சை இப்ப கந்தையா வீடு எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஐயாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுகள் எல்லாம் செத்துப்போச்சுதுகள். கடைசியாப் போன வருசம் பக்கத்து வீட்டுக் கிளாக்கரும் போயிட்டார். பேரைச் சொல்ல ஆளில்லாத இடத்திலை பேருக்கு என்ன மரியாதை. குடுத்துவிடு."

அட்டையில் காசு முடிந்து லைன் அறுந்தது.

6

எங்களுடையது குரோருட்டில் இரண்டு அறை உள்ள வீடு. ஒரு அறையில் கதைப்பது மற்ற அறையில் கேட்கும். நான் திரும்பியபோது மயூரி கதவடியில் நின்றாள்.

போர்வைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். நீலக் கோப்பை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் கட்டில் விளிம்பில் இருந்து திறந்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்த தாளை நான் கண்ணாடித் தாளுக்குள் வைத்திருந்தேன். பழைய மை, சாய்ந்த ஆங்கில எழுத்து. தகப்பன் பெயர் என்ற இடத்தில் சாமுவேல் பேக்கர்.

"வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே அப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "சொல்லியிருந்தால் விட்டிருப்பன்."

"அதாலைதான் சொல்லேல்லை."

அவள் சாமுவேல் பேக்கர் என்ற எழுத்தில் விரலை வைத்தாள். பிறகு கேட்டாள்.

"இவருக்கு முதலிலை என்ன பேர்?"

"வேலன்."

"பேரை மாத்தினது அவருக்கு விருப்பமே?"

"அவரை ஆர் கேட்டது? அவருக்கு அப்ப எட்டு வயசு. பசி."

"எனக்கும் விருப்பமில்லை அப்பா" என்றாள். "எனக்குக் களைச்சுப்போச்சு."

பத்தொன்பது வயதுப் பிள்ளை சொல்லும் சொல்லல்ல அது. அந்தச் சொல்லை நான் என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

7

மயூரி பெயர் மாற்ற விண்ணப்பித்து ஒரு மாதத்துக்குப் பிறகும் அவளுக்குப் பதில் கடிதம் வரவில்லை. விசாரித்தால் அனுப்பிவிட்டோம் என்றார்கள். பிறகுதான் விளங்கியது. இங்கே தபால் பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைப் போடமாட்டார். பேக்கர் என்று வந்த கடிதம் வந்த வழியே திரும்பிவிட்டது.

கட்டடக் காவலாளியிடம் போய், எங்கள் பெட்டியில் இன்னொரு பெயர் போடவேண்டும் என்று சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாயா? அதற்குக் குடியிருப்பாளர் சங்கத்தில் அனுமதி எடுக்கவேண்டும்" என்றார்.

"இல்லை. அது என் மகள்."

"கலியாணம் முடித்துவிட்டாளா? வாழ்த்துகள்!"

விளக்கிச் சொல்ல எனக்குச் சொல்லும் இல்லை, தெம்பும் இல்லை. நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது பெட்டியில் மேலே என் பெயர் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. கீழே பேக்கர், ஐந்தே ஆங்கில எழுத்து, தாராளமாக இடம் விட்டு.

பெயர் மாறி மூன்று கிழமைக்குள் இரண்டு கடைகள் அவளைக் கூப்பிட்டன. முதலாவது இடத்தில் கதவைத் திறந்து "பேக்கர்?" என்று கூப்பிட்டார்களாம். இவள் எழும்பி நின்ற பிறகும் அந்த மனுசி இவளுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். மயூரி அதை நடித்துக் காட்டினாள். தவமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. இரண்டாவது இடத்தில் வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் போகிறாள். நெஞ்சில் குத்தும் அட்டையில் வெறும் மயூரி என்றுதான் இருக்கிறது. குடும்பப் பெயரை அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை.

அந்த முதல் சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவள், என் முன்னால் ஒரு படிவத்தை வைத்தாள். எல்லாம் நிரப்பியிருந்தது.

"அப்பா, உங்கடையையும் நேராக்குவம். ஃபோர்னாவ்ன், முன்பேர், சிவஞானசுந்தரம். எத்தர்னாவ்ன் கந்தையா. வேலையிலை உங்களை உங்கடை பேராலை கூப்பிடுவினம். ஒரு கையெழுத்துத்தான்."

தவமணி பார்த்துவிட்டு, "அப்ப நான் ஆர்?" என்று கேட்டா.

"நீங்களும் மாறலாம் அம்மா. தவமணி கந்தையா."

"ஐயையோ, மாமாவின்ரை பேரையோ! இவரின்ரை பேரை வாயிலை கொண்டுவர எனக்கு இருவது வருசம் எடுத்தது. இனி மாமாவின்ரை பேரைச் சொல்லச் சொல்லுறாய். ஏலாது பிள்ளை, என்னை விடு."

மயூரி என்னைப் பார்த்தாள். அவள் எனக்காக இருந்து, ஒவ்வொரு எழுத்தாக நிரப்பியிருந்தாள். இந்தமுறை கடைசி எழுத்தும் பெட்டிக்குள்ளேயே நின்றது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இது பொய்யில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனேன். தொப்பி, வெள்ளை அங்கி, காதுக்கு அடைப்பு. படிவம் என் சட்டைப்பையில் மடித்து இருந்தது. இடைவேளையில் கையெழுத்து வைத்து, போகும் வழியில் தபாலில் போடலாம் என்று நினைத்திருந்தேன். வரிசையாகப் பாண் வந்துகொண்டிருந்தது. அக்கா சொன்னதை நினைத்துக்கொண்டு நின்றேன். ஊரில் ஐயாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. அங்கே பிள்ளைகள் வந்து கத்திய படலை இல்லை, கிளாக்கர் இல்லை. இப்போது பக்கத்து வீட்டில் யார் என்று அக்காவுக்கே தெரியாது.

மண்டபத்தின் மறுபக்கத்திலிருந்து ரூனார் கத்தினான்.

"கன்டியா!"

சத்தத்தில் கேட்காததுபோல நின்றேன்.

"கன்டியா!"

ஐயாவின் பெயரை இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று காத்திருந்து, பிறகு கையை உயர்த்திக் காட்டினேன்.

படிவம் இப்போது மயூரி திருப்பித் தந்த நீலக் கோப்பில், போர்வைகளுக்குக் கீழே இருக்கிறது. கையெழுத்து வைக்கவில்லை.